சீட்டில் கிடந்த துண்டு

மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் இன்னும் முழுதாக நின்றிருக்காது. அதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டு பறந்துபோய் சீட்டில் விழும். விழுந்தது விழுந்ததுதான், அந்த சீட்டு இனி துண்டுக்காரருடையது. கைப்பிள்ளையோடு முண்டியடித்து ஏறி வந்த பெண் அதில் உட்காரப் போனால், பக்கத்து சீட்டுக்காரரே அதட்டுவார்: "ஏம்மா, துண்டு கெடக்குறது கண்ணு தெரியல?" துண்டு பேசாது, டிக்கெட் எடுக்காது, யாருக்கும் பதில் சொல்லாது. உரியவர் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்து, துண்டை எடுத்து உதறி, கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருவார்.

தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் 234 சீட்டுகள் உண்டு. மக்கள் பிரதிநிதி என்றால் யார் என்று குடிமையியல் பாடத்தில் ஒரு விளக்கம் படித்திருப்பீர்கள். அதைத் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிழைப்புக்கு இது போதும்: எம்.எல்.ஏ. என்பவர் துண்டு.

நம்பிக்கை வராதவர்கள் அதே தேனி பஸ்ஸில் ஏறி, கணவாய் தாண்டி, ஆண்டிபட்டியில் இறங்கிக்கொள்ளலாம். இரண்டு முதல்வர்களைக் கோட்டைக்கு அனுப்பிய ஊர். துண்டு போடுவதில் இந்த ஊருக்குள்ள அனுபவம் வேறு ஊருக்குக் கிடையாது.

1984 டிசம்பரில் தேர்தல். வேட்பாளர் எம்.ஜி.ஆர். ஆள் இருந்ததோ அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனைக் கட்டிலில். ஊர்வலம் கிடையாது, வாக்குறுதி கிடையாது, வேனில் நின்று கையாட்டக்கூட ஆள் கிடையாது. மருத்துவமனையில் எடுத்த வீடியோவைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டி அழுதது, ஓட்டுப் போட்டது, ஜெயிக்க வைத்தது. அந்தப் பாசத்தைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. ஆனால் அன்று சென்னையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்: வேட்பாளர் வராவிட்டாலும் தொகுதி வந்துவிடும்.

2001-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நான்கு தொகுதிகளில் ஜெயலலிதா தாக்கல் செய்த நான்கு மனுக்களும் தள்ளுபடி. அதில் ஒன்று ஆண்டிபட்டி. அங்கே அ.தி.மு.க. சார்பில் நின்று வென்றவர் தங்க தமிழ்ச்செல்வன். எம்.எல்.ஏ. ஆகாமலே ஜெயலலிதா முதல்வரானார். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பதவி செல்லாது என்று சொல்ல, பக்கத்துத் தொகுதியான பெரியகுளத்தின் உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். ஜெயலலிதாவுக்குத் தடையாக இருந்த வழக்கில் விடுதலை வந்ததும் தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்தார். 2002 பிப்ரவரியில் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்றார், மார்ச்சில் பன்னீர்செல்வம் எழுந்து நின்றார், அம்மா உட்கார்ந்தார். சட்டப்பேரவை சீட்டுக்கு ஒரு துண்டு, முதல்வர் நாற்காலிக்கு ஒரு துண்டு. இரண்டையும் ஒரே மாவட்டம் நெய்து கொடுத்தது. ஆண்டிபட்டிப் பக்கம் தறி ஓடும் ஊர்கள் உண்டு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆண்டிபட்டிக்காரர் ஒன்பது மாதத்துக்கு முன்னால்தான் ஐந்து வருடத்துக்கு என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது ஊரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? துண்டை எடுக்கும்போது சீட்டைக் கேட்கும் வழக்கம் எந்த பஸ்ஸில் உண்டு? தியாகம் என்று பெயர் வைத்தார்கள். தியாகத்துக்கு மாநிலங்களவை உறுப்பினர் பதவி கிடைத்தது. இதே தியாகத்தை ஜெயலலிதாவுக்காக 2015-இல் சென்னை ஆர்.கே. நகரில் வெற்றிவேல் செய்தார். தலைவர் நிற்க வேண்டும் என்றால் தொண்டர் எழ வேண்டும்; தொண்டர் எழுந்தால் ஊர் இன்னொரு முறை வரிசையில் நிற்க வேண்டும். தேர்தல் செலவு பொதுக் கணக்கில்.

துண்டு என்றேனே, ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு மானம் இருந்தது. ஆண்டைகள் வீட்டு முன்னால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்ன ஊர்கள் இவை. அதை மறுபடி தோளில் போட்டுக்கொள்ளும் உரிமைக்காகப் பேசித்தான் இங்கே ஒரு அரசியல் வளர்ந்தது, ஆட்சிக்கும் வந்தது. வந்த பிறகு கரைபோட்ட துண்டு அத்தனை தோளிலும் ஏறியது. பிறகு அதே தோள்கள் ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்தில் தொண்ணூறு டிகிரிக்கு வளைந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு அச்சில் ஏற்ற முடியாத சொற்கள்தான் கிடைத்தன. ஆண்டை மாறினார், இடுப்பில் கட்டும் பழக்கம் மாறவில்லை.

பேரவையில் எம்.எல்.ஏ. என்ன பேசுகிறார் என்று கேட்பீர்கள். எந்தக் கட்சி ஆட்சி என்றாலும் பேச்சின் அமைப்பு ஒன்றுதான். முதலில் தலைவருக்கு வணக்கம், பிறகு தலைவரின் தலைவருக்கு, பிறகு தலைவரின் வாரிசுக்கு, பிறகு ஒரு குட்டிக்கதை, பிறகு எதுகை மோனையில் நாலு வரி. தொகுதிக் கோரிக்கைக்கு வந்து சேரும்போது மணி அடித்துவிடும். மீதி நேரத்துக்கு மேசை இருக்கிறது, தட்டுவதற்கு. தேக்கு மேசைக்கு வாய் இருந்தால் அதுதான் மூத்த உறுப்பினர்.

எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதே என்பீர்கள். நியாயம். மதுரை கிழக்கில் இரண்டு முறை வென்ற மார்க்சிஸ்ட் நன்மாறன் கடைசிவரை வாடகை வீட்டில் இருந்தார். அரசு வீடு ஒன்று ஒதுக்கித் தாருங்கள் என்று கலெக்டர் அலுவலகத்தில் போய் மனு கொடுத்தார். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு உருகினோம். உருகி முடித்த கையோடு ஓட்டுப் பணத்துக்கான டோக்கன் வாங்க வரிசைக்குப் போனோம்.

இனி 2017-க்கு வருவோம். துண்டுகளுக்கெல்லாம் பொற்காலம் அது.

ஜெயலலிதா இல்லை. அவருக்குப் பிறகு முதல்வரான பன்னீர்செல்வம் பிப்ரவரி 7 இரவு மெரினா நினைவிடத்தில் கண்மூடி உட்கார்ந்து எழுந்து, கட்சியில் தன்னைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்கினார்கள் என்றார். மறுநாளே பஸ்கள் வந்து நின்றன. மக்கள் பிரதிநிதிகள் ஏறினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூவத்தூர் என்ற மீனவர் ஊர்ப்பக்கம் ஒரு சொகுசு விடுதி. தமிழ்நாட்டை ஆள்வதற்கான பெரும்பான்மை அங்கே பத்து நாள் தங்கியது. உள்ளே நுழைய முடியாமல் செய்தியாளர்கள் வாசலில் காய்ந்தார்கள். ஓர் உறுப்பினர் மாறுவேடத்தில் தப்பி வந்ததாக வெளியே வந்து தாமே சொன்னார். லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள தொகுதியின் உறுப்பினர், தன் சொந்த மாநிலத்தில், தன் சொந்தக் கட்சியிடமிருந்து, மாறுவேடத்தில்! மாட்டுச் சந்தையில்கூட மாட்டைக் கட்டிப்போடுவது அடுத்தவன் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான். கட்டுகிறவனுக்கு மாட்டின் மேல் சந்தேகம் இருப்பதில்லை.

1967-இல் அரியானாவில் கயா லால் என்று ஓர் எம்.எல்.ஏ. இருந்தார். இரண்டு வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்று இந்தி நாடே சிரித்தது. எனக்கு இப்போது அவர் மேல் மரியாதை வருகிறது. அவர் மாறியது அவர் காலால். நம் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 18. நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்புக் கேட்டது எதிர்க்கட்சி, மறுக்கப்பட்டது. மேசை நாற்காலிகள் புரண்டன, தி.மு.க.வினரை அவைக் காவலர்கள் வெளியே தூக்கிப் போட்டார்கள், மு.க. ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். புதிய முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவாக 122, எதிராக 11. அந்தப் பதினொருவரும் பன்னீர்செல்வம் அணி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் பாடம் பின்னால் வருகிறது.

ஜூலை 19. தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடன் தள்ளுபடி கேட்டுக் கிடக்கிறார்கள். அன்று பேரவையில் அறிவிப்பு: உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000. முன்னாள் உறுப்பினர் ஓய்வூதியம் 12,000-லிருந்து 20,000. பிப்ரவரியில் ஒருவர் மேல் ஒருவர் நாற்காலி எறிந்த அவைதான் இது. அதற்கான மசோதா 2018 ஜனவரியில் வந்தபோது அரசு போக்குவரத்துத் தொழிலாளர்கள் நிலுவைப் பணம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஊரில் பஸ் ஓடவில்லை. துண்டு போட ஜன்னலே இல்லாத ஒரு வாரம். நல்லவேளை, பேரவைக்குப் போக உறுப்பினர்கள் யாரும் பஸ்ஸை நம்பியிருக்கவில்லை. வேலைநிறுத்தத்தைக் காட்டித்தான் தி.மு.க. அந்த மசோதாவை எதிர்த்தது.

இடையில் நடந்ததுதான் முக்கியம். ஆகஸ்ட் 21-இல் எடப்பாடியும் பன்னீர்செல்வமும் கை குலுக்கினார்கள். பன்னீர்செல்வம் துணை முதல்வர். மறுநாள், அ.தி.மு.க.வில் தனி அணியாக இருந்த தினகரன் பக்கம் நின்ற 19 எம்.எல்.ஏ.க்கள் கவர்னரைப் பார்த்து, முதல்வர் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்களுக்கும் பஸ், அவர்களுக்கும் விடுதி: முதலில் புதுச்சேரி, பிறகு குடகு. ஒருவர் மனம் திரும்பினார். செப்டம்பர் 18-இல் மீதி 18 பேரையும் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார்.

இப்போது கணக்குப் பாடம். கட்சிக் கொறடா சொன்னதை மீறி, அவைக்குள்ளே, எண்ணி எழுதப்பட்ட வாக்கெடுப்பில், தங்கள் கட்சி அரசைக் கவிழ்க்க வாக்களித்தவர்கள் 11 பேர். அவைக்கு வெளியே கடிதம் கொடுத்தவர்கள் 18 பேர். கட்சித் தாவல் தடைச் சட்டம் யார் மேல் பாயும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் தப்பாகச் சொல்லும், ஏனென்றால் அது சரியான விடையைச் சொல்லிவிடும். 18 பேர் வீட்டுக்கு. 11 பேரில் ஒருவர் துணை முதல்வர். 2020 பிப்ரவரியில் இந்தப் பதினொருவர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோதும், பேரவைத் தலைவரே பார்த்துக்கொள்வார் என்பதுதான் மிச்சம். அவர் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்தச் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். 1985-இல் வந்தபோது அதில் ஒரு வாசல் வைத்திருந்தார்கள்: மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் அது தாவல் ஆகாது, பிளவு. சில்லறையாக விற்றால் குற்றம், மொத்தமாக விற்றால் கொள்கை. 2003-இல் அந்த வாசலை அடைத்தார்கள். இணைப்பு என்ற பெயரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற பெரிய வாசல் மட்டும் திறந்திருக்கிறது. விலையைச் சட்டம் ஏற்றியது, வியாபாரத்தை நிறுத்தவில்லை. இன்னொரு பக்கம், தன் ஊருக்குக் கேடு வரும் மசோதா என்று ஓர் உறுப்பினருக்குத் தோன்றினாலும் கொறடா கையைத் தூக்கச் சொன்னால் தூக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பதவி போகும். விலைபோகாமல் தடுக்கப் போட்ட கயிறு, மூக்கணாங்கயிறாக முடிந்தது.

பதினெட்டுத் தொகுதிகள். பெரம்பூர், பூந்தமல்லி, திருப்போரூர், சோளிங்கர், குடியாத்தம், ஆம்பூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, நிலக்கோட்டை, அரவக்குறிச்சி, தஞ்சாவூர், மானாமதுரை, ஆண்டிபட்டி, பெரியகுளம், சாத்தூர், பரமக்குடி, விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம். முழுப் பட்டியலையும் எழுதியதற்குக் காரணம், அந்தக் காலத்தில் யாரும் அதைப் பெரிதாக எழுதவில்லை. செய்தியில் 'பதினெட்டு எம்.எல்.ஏ.க்கள்' என்றுதான் வந்தது. அவர்கள் என்ன ஆவார்கள், எந்த அணிக்குப் போவார்கள், எந்த விடுதியில் என்ன சாப்பிட்டார்கள் என்றெல்லாம் விவாதம் நடந்தது. ஊர்களைப் பற்றி ஒரு விவாதமும் இல்லை. வழக்கு இருந்ததால் இடைத்தேர்தலுக்குத் தடை. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். அதற்கும் பிறகு ஆறேழு மாதம் கழித்துத்தான் தேர்தல். 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை, இருபது மாதம், இந்தப் பதினெட்டு ஊர்களுக்கும் பேரவையில் குரல் இல்லை.

2018 மே 22-இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்த மக்கள் மேல் போலீஸ் சுட்டது. பதின்மூன்று பேர் செத்தார்கள். அந்த மாவட்டத்தில் ஆறு தொகுதிகள். அவற்றில் ஒட்டப்பிடாரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் எழுந்து கேட்க ஆள் இல்லை. நவம்பரில் கஜா புயல் தஞ்சை மாவட்டத்துத் தென்னைகளை வேரோடு பிடுங்கிப் போட்டபோது தஞ்சாவூருக்கு உறுப்பினர் இல்லை.

இருந்திருந்தால் என்ன கிழித்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றுகிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். இருபது மாதம் ஆள் இல்லை, ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வராத குடிதண்ணீர் வழக்கம்போல வரவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு அலைந்த கிழவி வழக்கம்போல அலைந்தாள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்கினார்கள், அடுத்த திங்கட்கிழமையும் வாங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் இருபது மாதம் வராவிட்டால் ஊர் பூட்டுப் போடும். ரேஷன் கடை இருபது நாள் திறக்காவிட்டால் சாலை மறியல். எம்.எல்.ஏ. இல்லை என்று ஒரு பஸ்ஸைக்கூட யாரும் மறிக்கவில்லை. காதுகுத்துக்கும் எழவுக்கும் வருகிறவர் மட்டும் வரவில்லை. அதற்கும் முன்னாள்கள் வந்துவிட்டார்கள்.

நமக்குத் துண்டுகள்தான் கிடைக்கின்றன என்றால், சீட்டு யாருடையது என்பதை நாம் மறந்து ரொம்ப நாளாகிறது என்று அர்த்தம்.

ஆண்டிபட்டியின் பழைய உறுப்பினர் கதை முழுதாகத் தெரிய வேண்டாமா? தினகரனுக்காகப் பதவியை இழந்த தங்க தமிழ்ச்செல்வன், 2019-இல் தினகரனின் அ.ம.மு.க. சார்பில் தேனி மக்களவைக்கு நின்று தோற்றார். தேர்தல் முடிந்த அடுத்த மாதமே தி.மு.க.வில் சேர்ந்தார். எந்தக் கட்சியை எதிர்த்து வருடக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தினாரோ அந்தக் கட்சி. 2021-இல் போடியில் பன்னீர்செல்வத்தை எதிர்த்து நின்றார், தோற்றார். 2024-இல் தேனியில் தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றார். எதிரே நின்று தோற்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தினகரன். யாருக்காக சீட்டு பறிபோனதோ அவரையே தோற்கடித்தது துண்டு. கரையின் நிறம் மட்டும் வேறு. அதே தேர்தலில் ராமநாதபுரத்தில் பலாப்பழம் சின்னத்தோடு சுயேச்சையாக நின்றார் மூன்று முறை முதல்வராக இருந்த பன்னீர்செல்வம். பட்டியலில் அவர் பேரிலேயே வேறு சில பன்னீர்செல்வங்களும் நின்றார்கள். இதையெல்லாம் கற்பனையாக எழுதிக்கொண்டு போனால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் 'ரொம்ப ஓவர்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

2019 இடைத்தேர்தலில் ஆண்டிபட்டியில் தி.மு.க.வுக்கு அண்ணன், அ.தி.மு.க.வுக்குத் தம்பி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் வென்றார். 2021-இலும் அதே அண்ணன், அதே தம்பி, அதே முடிவு. அரை நூற்றாண்டுக் கொள்கைச் சண்டை ஒரே வீட்டுத் திண்ணையில் முடிந்துவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது.

ஏப்ரல் 16 இரவு. ஆண்டிபட்டியில் ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்துக்குள் பணம் இருப்பதாகத் தகவல் கிடைத்து அதிகாரிகள் போனார்கள். தள்ளுமுள்ளு. போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட்டது. வருமான வரித் துறை எண்ணி முடித்தபோது 1 கோடியே 48 லட்சம் ரூபாய். தலைக்கு 300. அடுத்த பொதுத்தேர்தலுக்கு இரண்டு வருடம் இருந்தது. 300-ஐ இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 41 காசு. ஜெயிக்கிறவருக்கு நாளுக்கு 3,500 ரூபாய் ஊதியம். வாங்குகிறவனைத் திட்டச் சொல்கிறீர்களா? திட்டுகிறேன். வாங்கினவன் வாயில் கேள்வி வராது என்று தெரிந்துதான் கொடுக்கிறார்கள். அது தெரிந்தும் வாங்குகிறோம். ஆனால் இருபது மாதம் அவனுக்குக் கிடைத்தது பூஜ்யம் என்பதையும் சேர்த்துத்தான் திட்டுவேன்.

பணம் 94 பொட்டலங்களாகக் கட்டியிருந்தது. இருபது மாதமாக எந்த மனுவுக்கும் கிடைக்காத கவனத்தோடு, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதியிருந்தார்கள்: வார்டு எண், அந்த வார்டில் எத்தனை வாக்காளர், தலைக்கு எவ்வளவு.